சர்வர் பெட்டிக்குத் தெளித்த மஞ்சள் தண்ணீர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். கோர்வையாக எழுத வராது. எழுதிக்கொண்டே போகும்போது மேலே என்ன எழுதினேன் என்பது மறந்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து படித்துப் பார்க்கவேண்டும். ஆனால் ஆபீஸில் மேசை துடைக்கிறபோது பத்திரிகையில் மற்றவர்கள் எழுதுகிற அனுபவங்களை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். நமக்கும் ஒன்று நடந்ததே, அதைச் சொன்னால் என்ன என்று ரொம்ப நாளாக மனசுக்குள் கிடந்தது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது போன வருஷம் ஆயுத பூஜையின்போது, விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கிற பீங்கான் கம்பெனியில் நடந்தது. கரண்ட் கம்பத்தில் கம்பியைத் தாங்கிக்கொண்டு வெள்ளையாகக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்குமே, அதுவும் வீட்டுக்குப் போடுகிற ஃபியூஸ் கட்டையும்தான் அங்கே செய்கிறோம். பெருக்குவது, துடைப்பது, டீ போட்டுக் கொடுப்பது என் வேலை. பதினாறு வருஷம் ஆகிறது. எல்லோரும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அதிகம் பேசமாட்டேன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் நடுவில் நின்றால் தொண்டைக்குள் ஏதோ அடைத்த மாதிரி ஆகிவிடும். முதலாளி ஏதாவது சொன்னால் தலையை ஆட்டுவேன். பதினாறு வருஷத்தில் அவரிடம் நானாகப் பேசிய பேச்சை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

பூஜைக்கு ஐந்தாறு மாதம் முன்பு கம்பெனியில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. முதலாளியின் மகள் பெரிய படிப்புப் படித்தவள். முப்பது வயசு ஆனாலும் எங்களுக்கெல்லாம் அவள் பாப்பாதான். கம்பெனிக் காகிதம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். ஏற்றியதை எங்கே வைப்பது என்பதுதான் சண்டை. நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காது கேட்காது என்று நினைத்தார்களோ என்னவோ, என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள்.

நாமே ஒரு பெரிய கம்ப்யூட்டர் வாங்கி இங்கேயே வைத்துக்கொள்வோம் என்றார் முதலாளி. அதற்கு சர்வர் என்று பேராம். பாப்பா வேண்டாம் என்றாள். எங்கேயோ ஒரு ஊரில் பெரிய கட்டடம் கட்டி, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் வைத்து, ஆள் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்களாம். அதில் கொஞ்சம் இடம் மாச வாடகைக்கு எடுத்தால் போதும், அதற்கு கிளவுட் என்று பேர் என்றாள்.

"பெட்டிய வாங்கிட்டா முடிஞ்சிடுமாப்பா? அதுக்கு ஏசி வோணும், பேட்டரி வோணும். நம்ம கம்பெனில பறக்கிற மண்ணு தூசிய பாத்தீங்கள்ல? ரிப்பேரானா யாரு வந்து நிப்பா?"

"எம் பீரோவ எவனோ வூட்டுல கொண்டு போயி வச்சிட்டு, சாவியையும் அவன்கிட்டயே குடுத்துட்டு வரச் சொல்றியா? பொதுச் சூளையில பட்டது பத்தாதா எனக்கு?"

பொதுச் சூளை என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் சின்னக் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் முன்பு தங்கள் சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பொதுவாக இருக்கிற பெரிய சூளையில் வாடகை கொடுத்து அடுக்கி வேகவைத்து எடுத்து வருவார்கள். எங்கள் முதலாளியும் அப்படித்தான் ஆரம்பித்தாராம். ஒரு தடவை இவர் சரக்கு அரைவேக்காடாக வந்துவிட்டது. இன்னொரு தடவை யாருடைய கிண்ணமோ இவர் வண்டியில் ஏறி வந்துவிட்டது. அந்த வீம்பில்தான் சொந்தமாகச் சூளை கட்டினார்.

பாப்பாவும் விடவில்லை. "சொந்தச் சூளை கட்டுனீங்களே, ரெண்டு வருஷம் முன்னாடி பர்னர் புடுங்கிக்கிச்சே, அப்ப சரக்க எங்கப்பா ஏத்திக்கிட்டுப் போனீங்க?"

முதலாளி பொதுச் சூளைக்குத்தான் போனார். எனக்கே தெரியும்.

கடைசியில் முதலாளி சொன்னதுதான் நடந்தது. பெட்டி வந்தது. ஆபீஸுக்குப் பின்னால் சின்ன அறையைத் தடுத்து, ஏசி மாட்டி, அதற்குள் வைத்தார்கள். கீழே கறுப்பாக ஒரு பேட்டரிப் பெட்டி. கரண்ட் போனால் அது கொஞ்ச நேரம் தாங்குமாம். மேலே சர்வர் பெட்டி. அதன் தலையில் இடியாப்ப அச்சு மாதிரி நிறைய ஓட்டை. எப்போதும் 'உம்' என்று ஒரு சத்தம்.

"தூசியாவும்னு சொன்னியே, பாத்துக்கத்தான் பெரியம்மா இருக்காங்கள்ல" என்று முதலாளி மகளிடம் சொல்லிவிட்டு, அந்த அறைச் சாவியை என் கையில் கொடுத்தார். "தெனமும் காஞ்ச துணியால தொடச்சி வச்சிடுங்க பெரியம்மா. வேற யாரையும் உள்ள உடாதீங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தச் சாவியைத் தாலிக் கயிற்றோடு கோத்துப் போட்டுக்கொண்டேன். தினமும் காலையில் முதலில் அந்த அறையைத்தான் திறப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அன்றைக்கு மத்தியானத்தோடு எல்லா மிஷினையும் நிறுத்திவிடுவோம். மண் அரைக்கிற உருளை, மண் பிசைகிற மிஷின், அச்சு அழுத்துகிற பிரஸ் எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துப் பூச்சரம் சுற்றுவோம். மறுநாள் காலை மறுபூஜை போடுகிற வரைக்கும் எதையும் ஓட்டக்கூடாது. வருஷம் முழுக்க உழைத்த சாமானுக்கு ஒரு ராத்திரி ஓய்வு. ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்கமாட்டோம்.

மற்ற இடமெல்லாம் ஆட்கள் செய்தார்கள். ஆபீஸ் என் பொறுப்பு. மூன்று மணிக்கு மேல் சொம்பில் மஞ்சள் தண்ணீரும், மாவிலையும், சந்தனக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு அந்த அறையைத் திறந்தேன். வெளியே எல்லாம் அடங்கிப்போய்க் கிடக்கிறது. இது மட்டும் 'உம்' என்று உழைத்துக்கொண்டே இருந்தது. ராத்திரி பகல், ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி எதுவும் இதற்குக் கிடையாதா? இன்றைக்காவது ஓய்வெடுக்கட்டும் என்று சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். ஏசியையும் அணைத்தேன்.

கீழே இருந்த பேட்டரிப் பெட்டி 'கீக் கீக்' என்று கத்த ஆரம்பித்தது. பயந்துபோனேன். சுவிட்சைத் திரும்பப் போடலாமா என்று ஒரு யோசனை. பூஜைக்கு நிறுத்தியதைத் திரும்ப ஓட்டக்கூடாதே என்று கையை எடுத்துவிட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஒண்ணும் இல்ல, நாளைக்கிக் காலைல போட்டுடுறேன்" என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் பேச வந்தது. அரை மணி நேரம் கத்தியது. அப்புறம் கத்தலும் நின்றது, 'உம்' சத்தமும் நின்றது.

தினமும் காய்ந்த துணியால் துடைப்பவள், அன்றைக்கு பூஜையாயிற்றே என்று ஈரத் துணியால் அழுந்தத் துடைத்தேன். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மிஷினுக்கெல்லாம் தாராளமாகத் தெளிப்போம், அந்தக் கை. தெளித்தது போக மிச்சத்தைத் தலையோடு ஊற்றினேன். முகப்பில் மூன்று சந்தனப் பொட்டு. பூச்சரம். சாயந்திரம் பூஜை முடிந்ததும் ஒரு பிடி பொரிகடலை கொண்டு போய் அதன் முன்னாலும் வைத்தேன். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலையில் மறுபூஜை. சூடம் காட்டி, எல்லா மிஷினையும் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்குவோம். நானும் போய் அந்தச் சுவிட்சையும் ஏசியையும் போட்டேன். ஏசி ஓடியது. பெட்டியில் சத்தம் இல்லை. தூங்கி எழுந்ததும் கொஞ்ச நேரம் ஆகும் போலிருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு டீ போடப் போய்விட்டேன். அவ்வளவு அறிவு எனக்கு.

அன்றைக்கு ஒரு முக்கியமான ஆள் வரவேண்டியிருந்தது. கம்பம் நடுகிற காண்ட்ராக்ட் கம்பெனியில் சரக்கைப் பார்த்துச் சரி சொல்கிறவர். பண்டிகைக்குச் சொந்த ஊருக்கு ரயிலில் போகிற வழியில், விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் போகிறேன் என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு அடுக்குச் சரக்குக்கும் சோதனை செய்த காகிதம் காட்டவேண்டும். அது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஒன்பது மணிக்குப் பாப்பாவின் குரல் கேட்டது. "அப்பா, சர்வர் செத்துக் கெடக்குது!"

நான் டீத் தட்டோடு போனபோது அந்தச் சின்ன அறைக்குள் மூன்று பேர். முதலாளி, பாப்பா, எங்கள் எலக்ட்ரீஷியன். அவர் பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வாய் ஓயாமல் கிண்டல் பேசுவார். என்னைப் பேசவைப்பதற்காகவே, "பெரியம்மா, இன்னிக்கி டீயில சர்க்கரைக்குப் பதிலா மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களா?" என்பார். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. பேட்டரி முழுக்கக் காலியாகியிருந்ததாம். சுவரில் சுவிட்ச் போட்டபடி இருக்கிறது, ராத்திரி கரண்டும் போகவில்லை என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். அப்படியானால் வயரிங் கோளாறுதான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார்.

"முந்தாநேத்து சூளை பக்கம் லைன மாத்துனியே, என்னா பண்ணித் தொலைச்ச?"

"மொதலாளி, அந்த லைனு வேற, இது வேற. சத்தியமா இதுல நான் கையே வைக்கல."

"நீ கை வைக்காம தானா செத்துச்சா? எம் முப்பது வருஷப் பொழப்புயா அதுக்குள்ள இருக்குது! மெருகுக் கணக்கு அத்தினியும் அதுலதான் கெடக்குது!"

மெருகுக் கணக்கு என்றால், பீங்கான் மேல் கண்ணாடி மாதிரி பளபளப்பு வருவதற்குப் பூசுகிற கலவையில் எதை எவ்வளவு போடுவது என்பது. ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு கணக்கு. முதலாளி கைப்பட மூன்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். கரையான் அரித்து அப்பளம் மாதிரி நொறுங்க ஆரம்பித்ததும், பாப்பா ஒவ்வொரு தாளாகப் பார்த்துப் பெட்டியில் ஏற்றினாள். இப்போது அந்த நோட்டில் பாதி இல்லை.

"இன்னியோட நீ நின்னுக்க. நாளையிலேந்து வர வோணாம்" என்றார் முதலாளி.

எலக்ட்ரீஷியன் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும்.

பாப்பாவின் கையில் போன் இருந்தது. பாண்டிச்சேரியில் அந்தப் பெட்டியை விற்ற இடத்திலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"சரிங்க மேடம், இப்ப பேட்டரி கொஞ்சம் ஏறியிருக்கும். அதுல பட்டன் இருக்கும், அழுத்திப் பிடிங்க. பெட்டி தானா ஆன் ஆவும். ஒரு நிமிஷம், அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். ரூம்ல தண்ணி கிண்ணி எதுனா பட்டுச்சா? ஈரமிருந்து கரண்ட் போச்சுன்னா உள்ள எல்லாமே எரிஞ்சிடும். அப்புறம் ஒண்ணும் எடுக்க முடியாது."

"ஏசி ரூம்புள்ள தண்ணி எங்கேந்தும்மா வரும்? மழையா பேயுது?" என்றார் முதலாளி. "நீ அழுத்துயா."

எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. சந்தனப் பொட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பூஜைக்கு வைத்தது, யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. தண்ணீர் மேலே காய்ந்துவிட்டது. உள்ளே போனது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பிரயோஜனம் இல்லை. அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது இதுதான்: திட்டு வாங்க ஒருத்தர் ஏற்கெனவே இருக்கிறார். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் வாயைத் திறக்காதவள் என்று எல்லோருக்கும் தெரியும்.

எலக்ட்ரீஷியன் குனிந்தார். பட்டனுக்கு விரலைக் கொண்டு போனார்.

பேச நினைத்தேன். சத்தமே வரவில்லை. டீத் தட்டைத் தரையில் வைத்தேன், வைத்தேனா போட்டேனா என்று இப்போது நினைவில்லை. அப்படியே அவருக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளங்கையால் அந்தப் பட்டனை மூடிக்கொண்டேன்.

"பெரியம்மா, கைய எடுங்க. ஷாக்கு அடிச்சிடப் போவுது" என்றார் அவர்.

நான் எடுக்கவில்லை. முதலாளி, "என்னா பெரியம்மா இது, வெளையாடற நேரமா?" என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில்தான் என் தொண்டை திறந்தது.

"நான்தான் மொதலாளி. நான்தான் தண்ணி தெளிச்சேன்."

"என்னா தண்ணி?"

"மஞ்சத் தண்ணி. பூஜைக்கி."

"எவ்ளோ?"

"ஒரு சொம்பு."

"ஒரு சொம்பா!" என்றார் எலக்ட்ரீஷியன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு முகம். முதலாளி சுவரில் சாய்ந்துவிட்டார்.

"அப்ப சுவிட்ச அணைச்சது?"

"அதுவும் நான்தான். எல்லா மிஷினுக்கும் ஓய்வு குடுக்கறமே, இது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சின்னு..." அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. நான் செஞ்சது" என்று மட்டும் சொன்னேன். சாவியைக் கயிற்றிலிருந்து கழற்றப் பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை.

போனில் அந்தப் பெண் அவசர அவசரமாகப் பேசினாள். யாரும் எதையும் தொடாதீர்கள், சுவிட்சை அணையுங்கள், பேட்டரியிலிருந்து ஒயரைப் பிடுங்குங்கள் என்றாள். பிடுங்கினார்கள். மூடியைத் திறந்தார்கள். உள்ளே பச்சைப் பலகை மேல் மஞ்சளாகத் தண்ணீர் தேங்கி நின்றது. நடுவில் ஒரு சாமந்தி இதழ் மிதந்தது. பாப்பா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "அந்த அம்மாகிட்ட போனக் குடுங்க" என்றாள். என்னைத் திட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். பாப்பா போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அம்மா, தண்ணி ஊத்தும்போது பெட்டி ஓடிக்கிட்டிருந்துச்சா, நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சும்மா. அது சத்தம் அடங்குனதுக்கப்புறம்தான் தொடைச்சேன்."

"அதான் பொழச்சிருக்குது. ஓடும்போது ஊத்தியிருந்தா அப்பவே போயிருக்கும். நீங்க அப்பிடி அணைச்சதும் தப்புதான், ஆனா அந்தத் தப்புதான் இதக் காப்பாத்தியிருக்குது. இப்ப நீங்க சொல்லாம பட்டன அழுத்தியிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அழுவாதீங்க. ஈரம் நல்லா காயட்டும். நான் நேர்ல வரேன்."

நான் அழுதுகொண்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

அப்போதுதான் பாப்பா வாயைத் திறந்தாள். "அப்பா, நானும் ஒண்ணு சொல்லணும். சத்தம் போடக் கூடாது."

"இன்னும் என்னா பாக்கி இருக்குது?"

"சோதனைக் காயிதம் எல்லாம் எங்கிட்ட இருக்குது. நீங்க வோணாம்னு சொன்ன அந்த வாடகை எடத்துல, உங்களுக்குத் தெரியாம ஒரு காப்பி போட்டு வச்சிருக்கேன். ரெண்டு மாசமா."

முதலாளி முகம் சிவந்தது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மெருகுக் கணக்கயும் அங்க ஏத்திட்டியா?" என்று கேட்டார்.

"அது உங்களது. உங்கள கேக்காம ஏத்துவனா? அது இந்தப் பெட்டில மட்டுந்தான் இருக்குது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏற்றியிருக்கக் கூடாதா என்று அந்த நிமிஷம் அவர் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

பதினொரு மணிக்கு அந்த ஆள் ஜங்ஷனிலிருந்து ஆட்டோவில் வந்தார். பாப்பா எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினாள். அவர் பார்த்து, சரக்கைத் தட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, பொரிகடலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பின்னறையில் ஒரு பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது அவருக்குத் தெரியாது.

ஒரு பாதி பிழைத்தது. இனி மெருகுக் கணக்கு.

அந்த இன்ஜினியர் பெண் மூன்று நாள் காயவேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது, தூசியும் படக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதும் முதலாளிக்கு உயிர் வந்தது. "காய வைக்கிறத எங்களுக்குச் சொல்லித் தர வோணாம்" என்றார். பச்சைப் பீங்கானை அவசரப்பட்டுக் காயவைத்தால் விரிசல் விட்டுவிடும். மெல்லிய சூட்டில் திருப்பித் திருப்பி வைக்கவேண்டும். அதற்கென்று எங்களிடம் ஒரு அறையே இருக்கிறது. அதைக் காலிசெய்து, என்னைக் கூப்பிட்டு மூலை முடுக்கெல்லாம் துடைக்கச் சொன்னார். பண்டிகைக்கு எடுத்த புது வேட்டியைக் கொண்டு வந்து பெட்டியைச் சுற்றினார். மூன்று நாளும் காலையும் மாலையும் அவரே போய்ப் பக்கம் மாற்றி வைத்தார். "பிள்ளை பெத்தவள பாக்கற மாதிரி பாக்கறாரு" என்று எலக்ட்ரீஷியன் என் காதில் சொன்னார். அவர் தினமும் வந்துகொண்டுதான் இருந்தார். வா என்றும் யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அந்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாவி இன்னும் என் கழுத்தில்தான் இருந்தது. கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

நாலாம் நாள் காலையில் அந்தப் பெண் பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். தோளில் பை, ஒல்லியாக, கண்ணாடி போட்டவள். என்னைப் பார்த்ததும், "அந்த ஒரு சொம்பு நீங்கதானா?" என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றாக ஊசி போடுகிற இடத்து வாசனை அடிக்கிற எதையோ தொட்டுத் துடைத்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. திரும்பப் பூட்டி, அந்த அறையில் வைத்தாள்.

"யாரு அழுத்துறீங்க?" என்று கேட்டாள்.

பாப்பா கையை நீட்டப் போனாள். முதலாளி அவளைத் தடுத்துவிட்டு, வாசலில் நின்ற எலக்ட்ரீஷியனைப் பார்த்தார்.

"நீ வாயா. நீ அழுத்து."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. ஆனால் அது என்னவென்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. எலக்ட்ரீஷியன் கையை வேட்டி மடிப்பில் துடைத்துக்கொண்டு வந்தார். குனிந்து, என்னைத் திரும்பிப் பார்த்து, "பெரியம்மா, இப்ப அழுத்தலாமா? சொம்பு எதுனா பாக்கி இருக்குதா?" என்றார்.

அழுத்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பழமலைநாதா என்று எங்கள் ஊர்ச் சாமியை மனசுக்குள் கூப்பிட்டேன். அப்புறம் மெதுவாக, எங்கேயோ தூரத்தில் மாவு மிஷின் ஓடுவது போல, 'உம்' என்று வந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல பாட்டுக் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டதில்லை. பாப்பா திரையில் எதையோ தட்டிவிட்டு, "இருக்குதுப்பா! அத்தினியும் இருக்குது!" என்று கத்தினாள். முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

டீ கொண்டு போனேன். முதலாளி முதல் டம்ளரை எடுத்து எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தார். இரண்டாவதைத் தான் எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு மகளைப் பார்த்துச் சொன்னார்.

"சரி, அந்தச் சூளையிலயும் நம்ம சரக்கு ஒரு அடுக்கு வை."

பாப்பாவுக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மெருகுக் கணக்கையும் அந்த வாடகை இடத்தில் ஒரு காப்பி ஏற்றச் சொல்கிறார். இங்கே இருக்கிற பெட்டியும் இருக்கட்டும், அங்கேயும் ஒன்று இருக்கட்டும் என்கிறார். சாவியைக் கேட்கவில்லை. "பெரியம்மா, காஞ்ச துணி" என்று மட்டும் சொன்னார். நான் தலையை ஆட்டவில்லை. "சரிங்க மொதலாளி" என்று வாய் திறந்து சொன்னேன். அவரே நிமிர்ந்து பார்த்தார்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த அறைக் கதவுக்குத்தான் பொட்டு வைத்தேன். பெட்டி உள்ளே தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் அந்தப் பக்கம் வந்தவர், "இதுக்கு வச்சிட்டீங்க. எங்கியோ ஒரு ஊருல இன்னொண்ணு இருக்குதே, அதுக்கு யாரு பொட்டு வைக்கிறது? பஸ்ஸு ஏறலாமா பெரியம்மா?" என்றார். "அங்கியும் என்ன மாதிரி ஒருத்தி தொடைக்கறவ இருப்பா, அவ வைப்பா" என்று பதில் சொன்னேன். நான் பதில் பேசியதில் அவருக்கே ஆச்சரியம்.

நம் சாமான் நம் வீட்டில் இருப்பது நல்லதா, வாடகை இடத்தில் இருப்பது நல்லதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அது படித்தவர்கள் பேசவேண்டியது. எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அந்தப் பேட்டரிப் பெட்டி கத்தியதுதான். அது என்னிடம் ஏதோ சொல்லத்தான் அரை மணி நேரம் கத்தியிருக்கிறது, நான் சமாதானம் சொல்லி அடக்கினேன். வாயில்லாத அதுவே அவ்வளவு கத்தியதென்றால், வாய் இருக்கிற நான் ஒரு மனுஷருடைய வேலை போகிற நேரத்தில் எத்தனை கத்தியிருக்கவேண்டும்? கடைசி நிமிஷத்திலாவது என் கை நீண்டதே என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது.

பேட்டரி, கிளவுட், பெட்டிக்குள் இருக்கும் பலகை இதையெல்லாம் நான் கேட்டதை வைத்து எழுதியிருக்கிறேன். தப்பாகச் சொல்லியிருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்துத் திருத்திப் போடுங்கள். நாள், மணிக்கணக்கும் முன்னே பின்னே இருக்கலாம். தண்ணீர் ஊற்றியது நான்தான் என்கிற இடத்தில் மட்டும் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.